இருபத்தாறாம் நம்பர் டோக்கன்

அத்தியாயம் 17

டிசம்பர் பிறந்துவிட்டால், மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைன்காரர்களுக்கு வீட்டில் கால் தங்காது. வருஷம் பூராவும் பெங்களூர் ரயிலுக்கு ஓடி ஓடித் தேய்ந்த சனம், குளிர் வந்ததும் விளையாடக் கிளம்பிவிடும். ஷட்டில் மட்டைகள் பரணைவிட்டு இறங்கும். ஸ்வெட்டர்கள் கொடியில் ஏற, தெரு முழுக்க அந்துருண்டை வாசனை அடிக்கும். சந்தைக்கு அவரைக்காய் மூட்டை மூட்டையாக வரும். பெண்கள் வெயில் பார்த்து உட்கார்ந்து, ஊறவைத்த பருப்பைப் பிதுக்கிக்கொண்டே ஊர்க்கதை பேசுவார்கள். மூன்றாவது ஞாயிறு வந்தால் அது பனி ஞாயிறு. கோயிலுக்குப் போகிறவர், சர்ச்சுக்குப் போகிறவர் என்ற பேதம் இல்லாமல் லைன் மொத்தமும் மைதானத்துக்கு வந்துவிடும்.

இந்த வருஷம் பனி ஞாயிறை நடத்துகிற பொறுப்பு மாலாவின் தலையில். அவளுக்கோ ஒரு வாரமாகக் கண்ணில் பொட்டுத் தூக்கம் இல்லை.

காரணம் நாத்தனார். வருகிற வெள்ளிக்கிழமை மமதாவுக்கு நிச்சயதார்த்தம், மாப்பிள்ளை குடியாத்தம். ஆனால் மமதாவின் மனசு இருந்தது பக்கத்துக் குடியிருப்பான சாம்பியன் ரீப்ஸில். இரண்டு வருஷமாக ஒரே ரயிலில் பெங்களூர் போய்வரும் ஷெர்வினிடம். போன வாரம் அடுப்படியில் வைத்து மாலாவிடம் மட்டும் அதைச் சொன்னாள். அவள் சொன்ன மறுநாளே மாலாவின் புருஷன் மனோகருக்கு எப்படித்தான் மூக்கில் வேர்த்ததோ, தங்கையின் போனைப் பிடுங்கித் தன் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டான். மாமனார் சம்பங்கிக்கு மட்டும் இன்னும் எதுவும் தெரியாது.

"பனி ஞாயிறு முடியட்டும். அப்பால மாமாகிட்ட நானே பேசறேன்" என்று மாலா வாக்குக் கொடுத்திருந்தாள். 

ஞாயிறு காலை ஆறரை. மைதானத்தைப் பனி மூடியிருந்தது. எதிரே இருக்கிற சைனைடு மேடு எங்கே போனதென்றே தெரியவில்லை. தங்கத்தை எடுத்துக்கொண்டு மில் துப்பிய மண், வருஷக்கணக்கில் குவிந்து மலையாகிவிட்ட மேடு அது. மற்ற நாளில் ஏறினால் கண்ணிலும் வாயிலும் புழுதிதான். மார்கழிப் பனிக்குத்தான் அந்த மண் அடங்கும். அதனால் பனி ஞாயிறன்று எல்லோரும் மேடேறி, உச்சியில் நின்று பனியை விலக்கிக்கொண்டு சூரியன் வருவதைப் பார்த்துவிட்டு இறங்குவது வழக்கம். பிள்ளைகளும் பிள்ளை மனசுக்காரர்களும் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து சறுக்கிக்கொண்டு வருவார்கள்.

ஏறுவதற்கு முன்னால் சம்பங்கியிடம் டோக்கன் வாங்க வேண்டும்.

சம்பங்கி மைனில் இருபது வருஷம் டைம் ஆபீஸில் வேலை பார்த்தவர். கேஜ் லிப்டில் சுரங்கத்துக்குள் இறங்குகிறவன் அவர் ஜன்னலில் டோக்கன் வாங்கிக்கொண்டு இறங்குவான். ஷிப்ட் முடிந்து மேலே வந்ததும் திருப்பிக் கொடுப்பான். பலகையில் ஓர் ஆணி காலியாக இருந்தால் ஒரு மனுஷன் பூமிக்குள் இருக்கிறான் என்று அர்த்தம். மைனை மூடிவிட்டார்கள், அவர் தலைக்குள் இருக்கிற பலகையை யாராலும் மூட முடியவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் பனி ஞாயிறன்று ஒரு சின்னப்பெண் மேட்டிலேயே தங்கிப்போய், இரண்டு மணி நேரம் ஒருத்தருக்கும் தெரியாமல் அழுதுகொண்டிருந்தாள். அடுத்த வருஷமே மனுஷர் ஆண்டர்சன்பேட்டை பாத்திரக்கடைக்குப் போய் எவர்சில்வர் தகட்டை வட்டம் வட்டமாக வெட்டச் சொல்லி, சொம்பில் பேர் பொறிக்கிறவரை வைத்து நம்பர் பொறித்து, அறுபது டோக்கனும் ஆணியடித்த பலகையுமாக வந்து நின்றார். முதலில் லைனே சிரித்தது. இப்போது டோக்கன் வாங்காமல் ஒருத்தரும் மேட்டில் கால் வைப்பதில்லை.

"அவங்கவங்க டோக்கனை அவங்கவங்களே வந்து மாட்டணும்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லிக் கொடுத்தார் சம்பங்கி. "பொண்டாட்டிக்குப் புருஷன் மாட்டக்கூடாது. பிரெண்டுக்கு பிரெண்டு மாட்டக்கூடாது. தெரிஞ்சிதா?"

"தெரிஞ்சிது அங்கிள், வருஷா வருஷம் சொல்றீங்க" என்றாள் பக்கத்து வீட்டு ஈவ்லின், மப்ளரை இழுத்துக் காதை மூடிக்கொண்டே.

"வருஷா வருஷம் சொல்லுவேன்."

மாலாவுக்கு இருபத்தைந்தாம் நம்பர் டோக்கன். மமதாவுக்கு இருபத்தாறாம் நம்பர். நோட்டில் பேரை எழுதிக்கொண்டார். மொத்தம் ஐம்பத்திரண்டு பேர்.

உச்சியில் காத்து நின்று, பனி கலைய ஆரம்பித்தபோது மணி ஒன்பதை நெருங்கிவிட்டது. கீழே லைன் வீடுகளின் ஓடுகள் ஒன்றொன்றாகத் தெரிந்தன. எல்லோரும் கிழக்கே பார்த்துக்கொண்டு போட்டோ பிடித்துக்கொண்டிருக்க, மமதா மட்டும் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சரிவில் இறங்கினால் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷன்.

மாலாவின் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"அண்ணி, நான் இந்தப் பக்கமா எறங்கிடறேன். ஷெர்வின் ஸ்டேஷன்ல வெயிட் பண்றான்."

 நேற்று மமதா தன்னிடம் போனை வாங்கி யாருக்கோ மெசேஜ் அனுப்பிவிட்டு அழித்தது எதற்கு என்று மாலாவுக்கு இப்போது புரிந்தது.

"இன்னாடி சொல்ற? நான்தான் பேசறேன்னு சொன்னேனே."

"நீங்க பேசினா அப்பா கேப்பாரு. ஆனா அந்தப் பையன் எங்கன்னு கேட்டா இன்னா சொல்லுவீங்க? அவன் வரணும் அண்ணி. இன்னிக்கி சாயந்திரம் அவன் நம்ம வீட்டுக்கு வந்து அப்பா எதிர்ல நிக்கணும். வருவியா மாட்டியான்னு நேர்ல கேக்கப் போறேன். மாட்டேன்னு சொன்னான்னா, வெள்ளிக்கிழமை நான் பேசாம தலைய குனிஞ்சி குடியாத்தத்துக்காரன் எதிர்ல உக்காந்துடறேன்."

சொல்லிவிட்டு மறுபடி மேற்குச் சரிவைத் திரும்பிப் பார்த்தாள். 

"அந்தப் பக்கம் வழி சரியில்லை மமதா. பழைய மைன் ஷாஃப்ட் குழி கீது. சுத்துச்சுவர் இடிஞ்சிபோயி கெடக்குது."

"ஸ்கூல் போறப்பல்லாம் போன வழிதான். சும்மனே பயப்படாதீங்க." கையை நீட்டினாள். உள்ளங்கையில் இருபத்தாறாம் நம்பர் டோக்கன். "உங்களோடது மாட்டறப்போ இதையும் மாட்டிடுங்க. ஒரு மணிக்குள்ள சாப்பாட்டுக்கு வந்துடுவேன்."

"மாமா சொன்னது கேக்கலையா உனக்கு?"

"மாட்டலன்னா அப்பா லைனையே கூட்டிகினு தேட வந்துடுவாரு. ஸ்டேஷன்ல ரெண்டு பேரையும் ஒண்ணா பாத்துட்டா? ப்ளீஸ் அண்ணி. இந்த ஒண்ணுதான் கேக்கறேன்."

மாலா யோசித்தாள் என்று எழுதினால் பொய். பத்து வருஷமாக ஒரே வீட்டில், அம்மா இல்லாத பெண்ணாக, தன் மடியில் தலை வைத்துப் பரீட்சைக்குப் படித்தவள் கேட்கிறாள். யோசிக்க நேரம் எங்கே? கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். தகடு சில்லென்றிருந்தது.

மமதாவின் சிவப்பு ஸ்வெட்டர் மேற்குச் சரிவுப் பனிக்குள் இறங்கி மறைந்தது.

பலகைக்கு வந்தபோது மணி ஒன்பதரை. சம்பங்கி டம்ளரில் ஊதி ஊதி டீ குடித்துக்கொண்டிருந்தார். பத்துப் பேர் ஒரே நேரத்தில் டோக்கன் மாட்ட முண்டியடித்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள் மாலாவும் நுழைந்து, இருபத்தைந்தை மாட்டினாள். பக்கத்து ஆணியில் இருபத்தாறையும் மாட்டினாள். அவ்வளவுதான் வேலை. ஒரு விநாடிகூட ஆகவில்லை.

சம்பங்கி டம்ளரை வைத்துவிட்டுப் பலகையை மேலிருந்து கீழே விரல் வைத்து எண்ணினார்.

"அம்பத்தி ரெண்டும் மேல வந்தாச்சி" என்றார். மேட்டிலிருந்து கீழே வந்தவர்களைத்தான் சொன்னார், அவர் பாஷையில் பத்திரமாக வந்து சேர்ந்தவர்கள் எல்லோரும் மேலே வந்தவர்கள். நோட்டில் 'ஒன்பதரை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். பத்து வருஷத்தில் மாமனாரிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை மாலா. இன்றைக்கும் சொல்லவில்லை, கை மட்டும்தான் சொன்னது என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திப் பார்த்தாள். சமாதானம் ஆகவில்லை.

பனி ஞாயிறு களைகட்டிவிட்டது. ஒருபுறம் ஷட்டில். இன்னொருபுறம் எலுமிச்சம்பழமும் ஸ்பூனும். நடுவில் பாயை விரித்து அவரைப் பருப்பு பிதுக்கும் போட்டி. ஆளுக்கு ஒரு கிண்ணம் பருப்பு, யார் முதலில் தோலை நீக்குகிறார்களோ அவர்களுக்கு ஒரு பிளாஸ்டிக் கூடை. ஈவ்லின்தான் மூன்று வருஷமாகக் கூடையை வாங்குகிறாள். அவள் கட்டைவிரலை வைத்தால் பருப்பு தானே துள்ளி வெளியே வந்து விழும்.

"ரெடி, ஸ்டார்ட் சொல்லு மாலா. எங்க பாத்துகினு கீற?"

மாலா பார்த்துக்கொண்டிருந்தது மேட்டை. பனி முழுசாக விலகி, வெயிலில் மேடு வெள்ளை வெளேரென்று நின்றது. அதன்மேல் ஓர் ஈ காக்காய் இல்லை.

பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. பிதுக்கிய பருப்பெல்லாம் குழம்பு அண்டாவுக்குள் போய்க் கொதித்து மணக்க ஆரம்பித்தது. ஒரு மணிக்குப் பந்தி போட்டார்கள். மமதா வரவில்லை.

"மமதா எங்க?" என்று கேட்டான் மனோகர். ஷட்டிலில் ஜெயித்துவிட்டு வந்த சந்தோஷம் முகத்தில் இருந்தாலும், கேள்வியில் சந்தேகம் இருந்தது.

"தலைவலின்னா. வீட்டுல படுத்துனு கீறா."

சொன்ன பிறகுதான், இதைச் சொல்லப்போகிறோம் என்று தனக்கே தெரியாமல் இருந்தது மாலாவுக்கு உறைத்தது. முதல் பொய்யைக் கை சொன்னது. இரண்டாவதை வாய் சொல்லிவிட்டது.

"பனியில போனா வலிக்காதா? குழம்பும் களியும் சூடா எடுத்துகினு போயி குடும்மா" என்றார் சம்பங்கி. பிறகு எதிரே உட்கார்ந்திருந்த ஈவ்லினிடம் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். "அதான் சொல்லிகினு இருந்தேனே. ரெண்டு பேரும் மைன்ல ஒரே லெவல்ல வேலை. ஒருத்தன் முன்னாடி வந்துட்டான். கூட்டாளி பின்னாடியே வந்துகினு கீறான்னு நெனச்சி அவன் டோக்கனையும் சேர்த்துக் குடுத்துட்டான். உபகாரம் பண்றானாம். நான் வாங்கி மாட்டிட்டேன். பலகை புல். யாரும் தேடல. அடுத்த ஷிப்ட் எறங்கினப்பதான் தெரிஞ்சிது."

"கெடச்சாரா அங்கிள்?"

"கெடச்சான்."

எப்படி என்று அவர் சொல்லவில்லை. ஈவ்லினும் கேட்கவில்லை. பரிமாறிக்கொண்டிருந்த மாலா கரண்டியை அண்டாவுக்குள் போட்டாள்.

டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். பூட்டின பூட்டு பூட்டினபடி இருந்தது. திறந்து, டப்பாவை மேஜைமேல் வைத்தாள். காதலிக்கிற பிள்ளைகளுக்குப் பேச ஆரம்பித்தால் நேரம் தெரியுமா? சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். சமாதானமாகி எங்காவது காபி குடித்துக்கொண்டிருப்பார்கள். வந்துவிடுவாள். இப்படியெல்லாம் சொல்லிக்கொண்டுதான் மைதானத்துக்குத் திரும்பினாள். ஹவுஸி ஆட்டத்துக்குச் சீட்டு எடுத்து நம்பர்களை அவளே கூப்பிட்டாள். "டூ அண்ட் சிக்ஸ், இருபத்தாறு" என்று வந்தபோது மேட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த நம்பரை எடுத்தாள்.

நாலு மணிக்குச் சாம்பியன் ரீப்ஸ் டீம் கயிறு இழுக்க வந்தது. பதினோரு பேர், நீல ஜெர்சி. கடைசியாக வந்தவனை மாலா பார்த்தாள்.

ஷெர்வின். தனியாக வந்திருந்தான்.

அவனைச் சாமியானாவுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். யார் பார்க்கிறார்கள் என்று பார்க்கவில்லை.

"மமதா எங்க?"

"அதைத்தாங்க்கா நானும் கேக்க வந்தேன்" என்றான் ஷெர்வின். கோபமாக இருந்தான், கோபத்துக்குள் அழுகை இருந்தது. "ஒம்போது மணிலேர்ந்து பன்னெண்டு மணி வரைக்கும் ஸ்டேஷன் பெஞ்சில உக்காந்துனு இருந்தேன். வரல. போன் பண்ண முடியாது. சரி, மனசு மாறிட்டாபோலன்னு வீட்டுக்குப் போயி படுத்துட்டேன். மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை சொல்லட்டும்னுதான் டீமோட வந்தேன். அவளை ஒரு நிமிஷம் கூப்புடுங்கக்கா."

மாலா மேட்டின் பக்கம் கையைக் காட்டினாள். 

"அவ உன்னைப் பாக்கத்தான் வந்தா. ஒம்போது மணிக்கி மேற்கால எறங்கினா. நான் பாத்தேன்."

ஷெர்வினின் முகத்தில் கோபம் இருந்த இடம் வெறுமையாயிற்று. அந்த வழி அவனுக்கும் தெரியும். ஸ்டேஷனுக்கு அரைமணி நடை. வழியில் இருப்பது என்ன என்பதும் தெரியும்.

"அந்த ஷாஃப்ட்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

மாலா மறுபடி வீட்டுக்கு ஓடினாள். டிபன் பாக்ஸ் வைத்த இடத்தில் இருந்தது. மமதாவின் பெட்டியைத் திறந்து பார்த்தாள். சர்டிபிகேட் பைல் இருக்கிறது. துணிமணி இருக்கிறது. ஆபீஸ் ஐடி கார்டு ஆணியில் தொங்குகிறது. ஓடிப்போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தாள். ஒரு வாரமாக எதை நினைத்துப் பயந்தாளோ, அதே நடந்திருக்கக்கூடாதா என்று சாமி படத்தைப் பார்த்து ஏங்கினாள்.

திரும்பி நடக்கும்போது மனசு கணக்குப் போட்டது. ஷெர்வினை மட்டும் கூட்டிக்கொண்டு சத்தமில்லாமல் போய்த் தேடலாம். மமதா காலைச் சுளுக்கிக்கொண்டு எங்கேயாவது உட்கார்ந்திருந்தால் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம், ஒருத்தருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம் ஊர் வாயிலிருந்து தப்பும். மனோகரின் கோபத்திலிருந்து அவள் தப்புவாள். தானும் தப்பலாம். இந்த வீட்டில் மகனைவிட மருமகளை நம்புகிற மாமனார், தொடர்ந்து நம்புவார்.

ஆனால் இரண்டு பேர் தேடுகிற மேடா அது? இன்னும் ஒரு மணி நேரத்தில் சூரியன் போய்விடும். பனி இறங்கிவிட்டால் எதிரில் இருக்கிற ஆள் தெரியாது. ஐம்பத்திரண்டு பேர் தேடினாலே போதாது.

மைதானத்தில் கயிறு இழுப்பு ஆரம்பமாகியிருந்தது. "இழு, இழு" என்று லைனே கத்திக்கொண்டிருந்தது. ஸ்கெலட்டன் பக்கம் கடைசி ஆளாக மனோகர், கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு மண்ணில் குதிகாலைப் புதைத்து நின்றான். எதிர்ப்பக்கம் ஷெர்வின் கயிற்றைத் தொடவே இல்லை. ஓரமாக நின்று மாலா வருகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சம்பங்கி பலகைக்குப் பக்கத்தில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மாலாவைப் பார்த்ததும் சிரித்தார்.

"இந்த வருஷம் நல்லா நடத்திட்டம்மா. ஒரு கொறை சொல்ல முடியாது. மமதா எப்டி கீறா? எந்திரிச்சாளா?"

மாலா பலகைக்கு நேராகப் போனாள். இருபத்தாறை ஆணியிலிருந்து கழற்றி, அவர் கையில் வைத்தாள்.

"மமதா வரல மாமா. மேட்டுலேர்ந்து அந்தப் பக்கமா எறங்கினா. இதை நான்தான் மாட்டினேன்."

  சம்பங்கி டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். கை ஓங்கினால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றாள்.

"எத்தினி மணிக்கி மாட்டின?" என்றுதான் கேட்டார்.

"ஒம்போதரைக்கி."

வாட்சைப் பார்த்தார். நாலே முக்கால்.

"ஏழே கால் மணி நேரம்" என்றார்.  "ஏழே கால் மணி நேரம் நாம வெளையாடிகினு இருந்துக்கீறோம்."

"மாமா..."

"ஏன் போனா, யாரைப் பாக்கப் போனான்னு இப்ப எனக்குச் சொல்லாத. எந்த வழி?"

"ஸ்டேஷன் வழி. ஷாஃப்ட் பக்கம்."

நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். கம்பளி கீழே விழுந்தது, எடுக்கவில்லை. பத்தடி நடந்தாலே மூச்சு வாங்குகிற மனுஷர், மேட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார்.

"நீங்க எங்க போறீங்க மாமா, மூச்சு வாங்கும். நான் ஆளைக் கூப்புடறேன்."

"கூப்புடு. அதைத்தான் சொல்றேன். போயி அந்தக் கயித்தை நிறுத்து. நடந்ததை நீயே சொல்லு, உன் வாயால சொல்லு. நான் சொன்னா கதை கேட்டுகினு நிப்பாங்க. நீ சொன்னாத்தான் ஓடி வருவாங்க."

மாலா கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். கயிற்றின் நடுவே, சிவப்புத் துணி கட்டியிருந்த இடத்தில் நின்று, இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்தாள். உள்ளங்கை எரிந்தது. வேடிக்கை பண்ணுகிறாள் என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள்.

"நிறுத்துங்க" என்றாள்.

யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு முறை, தன் குரல்தானா என்று தனக்கே சந்தேகம் வரும்படி கத்தினாள். கைதட்டல் நின்றது.

"மமதா காலைலேர்ந்து காணோம். மேட்டுலேர்ந்து ஷாஃப்ட் வழியா எறங்கினா, திரும்பல. அவ டோக்கனை நான் மாட்டிட்டேன். அதான் யாருக்கும் தெரியல."

மனோகர் கயிற்றை விட்டுவிட்டான். எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்த பத்துப்பேரும் ஒருவர்மேல் ஒருவராக மல்லாக்க விழுந்தார்கள். மற்ற வருஷமாக இருந்தால் மைதானம் சிரித்து உருண்டிருக்கும். ஈவ்லின் மட்டும் "ஏசப்பா" என்றாள், அதுவும் மெதுவாக.

மனோகர் கயிற்றைத் தாண்டி வந்து மாலாவின் எதிரே நின்றான்.

"தலைவலின்னு சொன்னே."

"பொய் சொன்னேன்."

"எதுக்குப் போனா அந்தப் பக்கம்? யாரைப் பாக்கப் போனா?"

 அந்தப் பேரை மட்டும் மாலா சொல்லவில்லை. அது மமதா சொல்லவேண்டிய பேர், அவளே அப்பா எதிரில் சொல்ல ஆசைப்பட்ட பேர்.

"என்னைத்தாண்ணா."

நீல ஜெர்சிக்காரர்களை விலக்கிக்கொண்டு ஷெர்வின் முன்னால் வந்தான்.

மனோகர் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். முஷ்டி மேலே எழும்பியது. ஷெர்வின் கையைத் தட்டிவிடவில்லை, பின்வாங்கவும் இல்லை.

"அடிக்கறதுன்னா அப்பால அடிங்கண்ணா. எவ்ளோ வேணா அடிங்க. இப்ப வெளிச்சம் போயிகினு கீது."

சட்டையைப் பிடித்த கையோடு மனோகர் திரும்பி மேட்டைப் பார்த்தான். அதன் தலையில் பனி இறங்க ஆரம்பித்திருந்தது. சம்பங்கி தனியாக, இரண்டு எட்டுக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, சரிவில் ஏறிக்கொண்டிருந்தார்.